மோட்டார் சைக்கிளும் மலிவான வால்வுப் பாகங்களும்



தோட்டப் பள்ளி ஆசிரியன் ஒருவன் மோட்டார் இயந்திரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கு இந்தப் பாடம் பட்டறையில் தொடங்கவில்லை. வகுப்பறையில், மாணவர் வருகைப் பதிவேட்டில் தொடங்கியது.

நான் பணியாற்றும் பள்ளி பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் செல்லும் வழியில், ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. தோட்டம் இன்று ரப்பர்த் தோட்டமாக இல்லை. பேராக்கில் பல தோட்டங்களைப் போல அதில் ஒரு பகுதி செம்பனையாயிற்று. ஒரு பகுதி வீடமைப்புப் பகுதியாயிற்று. லயன் வீடுகளில் இருந்தவர்கள் பல இடங்களுக்குச் சிதறிப் போனார்கள். ஆனால், தாத்தா படித்த பள்ளியிலேயே பேரனும் படிக்கட்டும் என்று சில பெற்றோர் இன்றும் 10, 12 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அவர்களில் பலர் பிள்ளைகளைக் கொண்டுவருவது கப்சாய் என்று நாம் சொல்லும் சிறிய மோட்டார் சைக்கிளில்தான்.

நான்காம் ஆண்டில் படித்த ஒரு மாணவி தொடர்ந்து ஏழு நாள் பள்ளிக்கு வரவில்லை. எட்டாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, வேறு குறையும் இல்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் பிரித்துப் போடப்பட்டிருந்தது. தகப்பனார் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "சார், மோட்டார் செத்துப் போச்சு. அதான் பாப்பா வரல" என்றார். அவரும் அந்த ஏழு நாளும் வேலைக்குப் போகவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் இயந்திரத்தின் மேல்பகுதியைப் பழுது பார்த்தபோது, பெயர் தெரியாத ஒரு மலிவான வால்வு ஜோடியைப் போட்டிருக்கிறார். அசல் வால்வு ஜோடியின் விலையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒருநாள் அதிகாலை பள்ளிச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது வெளியேற்று வால்வின் தலை தண்டிலிருந்து முறிந்து சிலிண்டருக்குள் விழுந்துவிட்டது. பிஸ்டன் மேலே வந்து அதை இடித்தது. பிஸ்டன் உடைந்தது, சிலிண்டர் கீறிப் போயிற்று, தலைப்பகுதியும் நசுங்கிற்று. வால்வில் மிச்சம் பிடித்தது சுமார் 30 வெள்ளி. அதனால் வந்த செலவு 400 வெள்ளிக்கு மேல்.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம்மவர் பழமொழி. வால்வும் அதைத் திறந்து மூடும் சிறு பாகங்களும் இயந்திரத்துக்கு அச்சாணி போன்றவை. அந்தப் பாகங்களில் மலிவானவற்றை வாங்கலாமா, வாங்கினால் எவற்றை வாங்கலாம், மாட்டுவதற்கு முன் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இந்த வண்டியைப் பற்றி ஒரு சொல். ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டு ஜப்பானில் சூப்பர் கப் என்ற சிறிய மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ என்ற வணிகர் அதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். சி.70 போன்ற வண்டிகளும் பின்னர் ஈ.எக்ஸ்.5 வண்டியும் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஓடின. 1996-இல் கெடா மாநிலக் குரூணிலிருந்து மொடெனாஸ் கிரிஸ் வந்தது. இவை யாவும் நான்கு வீச்சு இயந்திரம் கொண்டவை; ஒரே சிலிண்டர், இரண்டே வால்வுகள். அமைப்பு எளியது, ஒரு கூடைச் சாவிகளும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டலாம். இந்த எளிமையினால்தான் இவற்றுக்கு மலிவான உதிரிப் பாகங்களும் ஏராளமாகக் கடைக்கு வருகின்றன.

இனி வால்வின் வேலையைப் பார்ப்போம். இயந்திரத்தின் தலைப்பகுதியில் இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்றின் வழியே காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும். மற்றொன்றின் வழியே எரிந்த புகை வெளியே போகும். இந்த வாயில்களின் கதவுகளே வால்வுகள். கதவைத் திறக்க ஒருவர் வேண்டும், மூட ஒருவர் வேண்டும். திறப்பது கேம்ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு. அந்தத் தண்டில் முட்டையின் முனைபோல் புடைத்த மேடுகள் உள்ளன. மேடு சுழன்று வந்து ராக்கர் என்ற சிறு நெம்புகோலின் ஒரு முனையைத் தூக்க, அதன் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. மூடுவது சுருள்வில், அதாவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மேல்தட்டை வால்வுத் தண்டோடு பிணைத்து வைப்பவை பூட்டு என்னும் இரண்டு அரைவட்டத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணியைவிடச் சற்றே பெரிது. கேம்ஷாஃப்டைச் சரியான நேரத்தில் சுழற்றுவது டைமிங் செயின். அந்தக் காலத்துத் தோட்டத்தில் பெரட்டு மணி அடித்து ஆளை நேரத்துக்கு வேலைக்கு அனுப்பியது போல, இந்தச் செயின் வால்வுகளை நேரத்துக்கு வேலை செய்ய வைக்கிறது.

ஆசிரியன் என்பதால் ஒரு சிறு கணக்குப் போடுகிறேன். இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 தடவை சுழல்வதாகக் கொள்வோம். நான்கு வீச்சு இயந்திரத்தில் கேம்ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில், அதாவது 3,000 தடவை சுழலும். ஆகவே ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 3,000 தடவை, வினாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. ஒரு மணி நேரத்தில் 1,80,000 தடவை. ஒருவர் நாளுக்கு ஒரு மணி நேரமாக மாதத்தில் 25 நாள் இதே வேகத்தில் ஓட்டினால், 45 லட்சம் தடவை! இத்தனை தடவை அடிபட்டு, உரசி, வளைந்து நிமிரும் பொருள் எத்தகைய இரும்பால் ஆகியிருக்க வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வெளியேற்று வால்வுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அது நெருப்பின் வாயிலில் நிற்பது. அதன் தலை 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகலாம். சாதாரண எஃகு அந்தச் சூட்டில் பலம் இழந்துவிடும். அதனால் நல்ல வெளியேற்று வால்வின் தலையைக் குரோமியம், நிக்கல், மாங்கனீசு போன்றவை கலந்த, சூடு தாங்கும் எஃகில் செய்கிறார்கள். உட்புகு வால்வின் வழியே குளிர்ந்த காற்று வருவதால் அதற்கு இவ்வளவு சோதனை இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் பளபளக்கும். பளபளப்பு எதையும் காட்டாது.

மீண்டும் அந்தத் தகப்பனார் வீட்டு வாசலுக்கு வருகிறேன். நான் சிறு வயது முதல் என் அப்பாவின் வண்டியைப் பிரித்து மாட்டிப் பழகியவன். "கவலப்படாதீங்க தம்பி, சனிக்கிழமை வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுவோம்" என்று சொல்லிவிட்டேன். அவரிடம் இருந்த பணம் குறைவு. பிஸ்டனும் சிலிண்டரும் அதில் பெரும் பகுதியை விழுங்கிவிட்டன. ஆகவே மீதிப் பாகங்களை மலிவாகவே வாங்கினோம். இம்முறை வால்வைமட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கினேன். கேம்ஷாஃப்டில் பழைய தேய்மானம் இருந்ததால் மலிவான புதியது ஒன்றைப் போட்டேன். கடைக்காரர், "இந்த ஸ்பிரிங் ரேஸுக்குப் போடுறது, ரொம்பத் தெம்பா இருக்கும், விலையும் அதேதான்" என்றார். தெம்பு என்றால் நல்லதுதானே என்று அதையும் வாங்கினேன். பழைய ராக்கர்களைத் துடைத்து அப்படியே மாட்டினேன்.

வண்டி உயிர்பெற்றது. பாப்பா பள்ளிக்கு வந்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது. ஆறு வாரம் கழித்து, காலையில் பள்ளி வாசலில் அந்த வண்டி வந்து நின்றபோது "டக், டக், டக்" என்று ஓர் ஓசை கேட்டது. அன்று மாலையே மூடியைத் திறந்து பார்த்தேன். புதிய கேம்ஷாஃப்டின் ஒரு மேடு, வெர்னியர் வைத்து அளந்தால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. ராக்கரின் முகத்தில் பள்ளம் விழுந்திருந்தது. எண்ணெய் முழுவதும் இரும்புத் தூள் மின்னிற்று.

நேயர்களே, முதல் தடவை தவறு செய்தவர் விவரம் தெரியாத ஏழை. இரண்டாம் தடவை தவறு செய்தவன் விவரம் தெரிந்ததாக எண்ணிக்கொண்ட நான். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் அசல் பாகங்களையும் மலிவுப் பாகங்களையும் அருகருகே வைத்து ஒழுங்காகக் கற்கத் தொடங்கினேன். நான் கற்றதை இனி வரிசையாகச் சொல்கிறேன்.

அந்தக் கேம்ஷாஃப்ட் ஏன் தேய்ந்தது? கேம்ஷாஃப்டின் மேட்டில் கடினமாக்கப்பட்ட மேற்பரப்பு ஒன்று உண்டு. வார்ப்பிரும்பை வார்க்கும்போதே மேட்டை விரைவாகக் குளிர வைத்தோ, எஃகைச் சூடாக்கிக் குளிர வைத்தோ அதை உண்டாக்குகிறார்கள். அந்தப் பரப்பு இருக்கும்வரை தேய்மானம் மிக மெதுவாக நடக்கும். அது சரியாக அமையாவிட்டால், அல்லது தேய்ந்து உள்ளிருக்கும் மிருதுவான இரும்பு வெளிப்பட்டுவிட்டால், மேடு சோப்புக் கட்டிபோல் கரையும். நான் போட்ட மலிவான கேம்ஷாஃப்டில் அந்தக் கடினம் போதவில்லை. அதன் மேல் தேவைக்கு மிஞ்சிய பலமுள்ள ஸ்பிரிங் அழுத்திற்று. பள்ளம் விழத் தொடங்கியிருந்த பழைய ராக்கர் அரம்போல் அதை அராவிற்று. மூன்றும் சேர்ந்தபோது ஆறு வாரம் தாங்கியதே அதிகம்.

ஸ்பிரிங்கின் பலம் கூடினால் நல்லது என்பது பலரும் நம்பும் தவறான எண்ணம். பலம் குறைந்தால் உயர்ந்த வேகத்தில் வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கும். பிஸ்டன் அதை முட்டவும் கூடும். பலம் மிகுந்தால் கேம்ஷாஃப்டும் ராக்கரும் தேயும், செயினும் நீளும். அந்த இயந்திரத்துக்கென்று கணக்கிட்ட பலமே சரியான பலம். பந்தய ஓட்டத்துக்கான ஸ்பிரிங்கும் உயரமான மேடுள்ள கேம்ஷாஃப்டும் வேலைக்குப் போகிறவரின் வண்டிக்கு உரியவை அல்ல. இளைஞர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து, மலிவு என்பது ஒரே வகையல்ல. கடையில் நான்கு வகைப் பெட்டிகளைக் காணலாம். முதலாவது, வண்டி நிறுவனமே தன் பெயரில் விற்கும் அசல் பாகம். இரண்டாவது, செயின், ஸ்பிரிங் போன்றவற்றைத் தம் சொந்தப் பெயரில் செய்து விற்கும் நிறுவனங்களின் பாகம். வண்டி நிறுவனம் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. பலவற்றை இத்தகைய நிறுவனங்களிடமே வாங்குகிறது. ஆகவே இந்த இரண்டாம் வகையில் நல்ல பொருள் நியாயமான விலைக்குக் கிடைக்கும். மூன்றாவது, பெயரே இல்லாத பாகம். நெகிழிப் பையில் வரும். பழுதானால் யாரைக் கேட்பது என்று தெரியாது. நான்காவது, பிறர் பெயரைத் திருடி ஒட்டிய போலி. இதுதான் மிகவும் ஆபத்தானது. ஏனென்றால் அசலின் விலையைக் கொடுத்துப் பெயரில்லாததை வாங்குகிறோம். பெட்டியில் அச்சு மங்கலாக இருந்தாலும், எழுத்துப் பிழை இருந்தாலும், விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். என் பார்வையில் ஏழைக்கு ஏற்றது இரண்டாம் வகை.

இனி எதில் சிக்கனம் செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு ஓர் எளிய விதி உண்டு. ஒரு பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது போனால் இதனோடு வேறு எதுவெல்லாம் போகும்?" என்று கேளுங்கள்.

வால்வு சீல் என்ற சிறு ரப்பர் வளையம் போனால் என்ன ஆகும்? எண்ணெய் கசிந்து உள்ளே போகும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது வெள்ளை கலந்த நீலப் புகை வரும். சில வாரம் அப்படியே ஓட்டிவிட்டுப் பிறகு மாற்றலாம். மூடிகளின் ரப்பர் வளையங்களும் அப்படித்தான். எண்ணெய் வியர்க்கும், கண்ணுக்குத் தெரியும். இவற்றில் சிக்கனம் செய்யலாம்.

ஆனால் வெளியேற்று வால்வு போனால் பிஸ்டனும் சிலிண்டரும் போகும். அரிசிமணி போன்ற அந்தப் பூட்டுத் துண்டு நழுவினால் முழு வால்வுமே உள்ளே விழும். ஸ்பிரிங் முறிந்தாலும் அதே கதி. டைமிங் செயின் அறுந்தால் ஓடும் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். ஈப்போ நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது அப்படி நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் சிக்கனம் கூடாது. பூட்டுத் துண்டுகளின் விலை அசலிலேயே மிகக் குறைவு. அதில் மிச்சம் பிடிப்பது அறிவுடைமை ஆகாது.

கேம்ஷாஃப்டும் ராக்கரும் இரண்டுக்கும் நடுவில் உள்ளவை. அவை தேய்ந்தால் ஓசை கொடுத்து எச்சரிக்கும். ஆனால் அவற்றின் தூள் எண்ணெயில் கலந்து இயந்திரம் முழுவதும் சுற்றும். இவற்றில் மலிவானதை வாங்குவதென்றால் இரண்டாம் வகையில் வாங்குங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய கேம்ஷாஃப்டைப் பள்ளம் விழுந்த பழைய ராக்கரோடு சேர்ப்பது, புதுச் செருப்பை முள்ளில் வைத்துத் தேய்ப்பது போலாகும்.

இனி வீட்டிலேயே செய்யக்கூடிய சில சோதனைகள். இவற்றுக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை.

முதல் சோதனை காந்தம். பள்ளி அறிவியல் அறையில் இருக்கும் சாதாரணக் காந்தம் போதும். சூடு தாங்கும் வால்வு எஃகில் பெரிதும் பயன்படும் ஒரு வகை காந்தத்தில் ஒட்டாது, அல்லது மிக இலேசாக ஒட்டும். சில வால்வுகளில் தலை ஓர் எஃகும் தண்டு வேறோர் எஃகுமாக இணைத்திருப்பார்கள். அப்போது தண்டு ஒட்டும், தலை ஒட்டாது. அந்தத் தகப்பனாரின் பழைய அசல் வால்வின் தலை காந்தத்தில் ஒட்டவில்லை. முறிந்து விழுந்த மலிவு வால்வின் தலையோ ஆணிபோல் கவ்விக்கொண்டது. ஆயினும் எல்லா வண்டியிலும் இதே விதி செல்லும் என்று கொள்ளக் கூடாது; காந்தத்தில் ஒட்டும் நல்ல வால்வு எஃகும் உண்டு. ஆகவே உங்கள் வண்டியின் பழைய அசல் வால்வைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டு, புதியது அதைப் போலவே நடந்துகொள்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஸ்பிரிங் சோதனை. வைஸ் என்னும் இடுக்கியில் நல்ல ஸ்பிரிங்கையும் புதிய ஸ்பிரிங்கையும் நேராக ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு தட்டை வளையம் இட்டு, மெல்ல இறுக்குங்கள். இரண்டின் மீதும் ஒரே விசைதான் அழுத்தும். ஒரே அளவு சுருங்கினால் இரண்டின் பலமும் ஒன்று. அதிகம் சுருங்குவது பலம் குறைந்தது. என் பந்தய ஸ்பிரிங்கை இப்படி வைத்திருந்தால் அது எவ்வளவு விறைப்பு என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் நழுவினால் துள்ளும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

மூன்றாவது, அர சோதனை. கேம்ஷாஃப்டின் மேட்டில், ராக்கர் படாத ஓர ஓரத்தில், ஒரு புதிய சிறு அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அரம் கண்ணாடியில் வழுக்குவது போல் வழுக்கினால் கடினம் உண்டு. பிடித்துத் தூள் உதிர்ந்தால் அதை மாட்டாதீர்கள். ராக்கர் உரசும் முகத்தில் இதைச் செய்யவே கூடாது.

நான்காவது, தண்டுச் சோதனை. புதிய வால்வை அதன் கைடு துளையில் எண்ணெய் தொட்டுச் செருகி, தலையைச் சற்று வெளியே இழுத்துப் பக்கவாட்டில் அசையுங்கள். இலகுவாகச் சுழல வேண்டும். ஆனால் கடகடவென்று ஆடக் கூடாது. கண்ணாடித் தட்டின் மேல் தண்டை உருட்டினால் வளைவு இருந்தால் தெரிந்துவிடும்.

ஐந்தாவது, மண்ணெண்ணெய்ச் சோதனை. வால்வையும் அது அமரும் வளையத்தையும் வால்வு அரைக்கும் பசை இட்டு, கையால் முன்னும் பின்னும் திருப்பி, சாம்பல் நிறத்தில் உடையாத ஒரு வளையம் விழும்வரை அரைக்க வேண்டும். பிறகு பசை ஒரு துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். அந்தப் பசை இயந்திரத்துக்குள் போனால் அதையே அரைத்துவிடும். வால்வு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் மாட்டியபின், வாயிலின் பக்கமாக மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். மறுபக்கம் வால்வைச் சுற்றி ஈரம் கசியாவிட்டால் கதவு நன்றாக மூடுகிறது என்று பொருள். இது வெறும் பெட்ரோல் சிக்கனத்துக்காக அல்ல. வெளியேற்று வால்வு தன் சூட்டின் பெரும் பகுதியை மூடியிருக்கும் நேரத்தில் அந்த வளையத்தின் வழியாகவே தலைப்பகுதிக்குக் கடத்துகிறது. சரியாக அமராத வால்வு சூட்டை இறக்கி வைக்க வழியில்லாமல் எரிந்து போகும். எத்தனை விலை உயர்ந்த வால்வானாலும் இதே முடிவுதான்.

மாட்டும்போது கேம்ஷாஃப்டின் மேடுகளிலும் ராக்கரிலும் தாராளமாக எண்ணெய் தடவுங்கள். முதல் சில வினாடிகள் கீழிருந்து எண்ணெய் மேலே ஏறி வரும்வரை அந்தப் பூச்சுதான் பாதுகாப்பு. ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒரு முனையில் நெருக்கமாக இருந்தால், அந்த முனை கீழே, தலைப்பகுதியை நோக்கி இருக்க வேண்டும். ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே விடும் இடைவெளி வண்டியின் கையேட்டில் சொல்லியபடி இருக்க வேண்டும். பல கப்சாய்களில் அது, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, 0.05 மில்லிமீட்டர். பள்ளி நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாளில் ஏறக்குறைய பாதித் தடிமன்! இடைவெளி இல்லாமல் போனால் சூட்டில் தண்டு நீண்டு, வால்வு முழுதாக மூடாது, எரிந்துவிடும். ஆகவே "ஓசை வருதே" என்று இடைவெளியே இல்லாமல் இறுக்குபவர் தம் வால்வுக்குத் தாமே தீ வைக்கிறார்.

இறுதியாக, மலிவுப் பாகம் போட்டவர் மறக்கவே கூடாத ஒரு வேலை. 300 முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். சிறிது கருமை இயல்பு. வெயிலில் மின்னும் இரும்புத் தூள் இருந்தால் உடனே திறந்து பாருங்கள். வால்வு இடைவெளியையும் அப்போதே அளங்கள். இடைவெளி குறைந்திருந்தால் வால்வு தன் இருக்கையில் புதைந்து இறங்குகிறது, அல்லது அதன் தலை சூட்டில் இழுபட்டு உருமாறுகிறது. கூடியிருந்தால் கேம்ஷாஃப்டோ ராக்கரோ தேய்கிறது. முதல் 500 கிலோமீட்டரில் இடைவெளி மாறாத பாகத்தைப் பெரும்பாலும் நம்பலாம். நான் அந்த வண்டியை 500 கிலோமீட்டரில் திறந்து பார்த்திருந்தால், இரும்புத் தூள் சேரும் முன்பே தவறு பிடிபட்டிருக்கும்.

இதிலிருந்து தெரிவது என்ன? மலிவான பாகம் உண்மையில் மலிவு அல்ல. அதன் விலையில் ஒரு பகுதியைக் கடையில் கொடுக்கிறோம். மீதியை நம் கண்ணாலும் கையாலும் நேரத்தாலும் கொடுக்க வேண்டும். அசல் பாகத்தைச் செய்தவர்கள் இந்தச் சோதனைகளைத் தொழிற்சாலையிலேயே செய்துவிடுகிறார்கள். அதற்கும் சேர்த்தே விலை வைக்கிறார்கள். பெயரில்லாத பாகத்தில் அந்தச் சோதனையை நாம்தான் செய்ய வேண்டும். செய்ய நேரமும் பழக்கமும் உள்ளவர் மலிவானதை வாங்கலாம். அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு அந்த நேரம் இல்லை. அவருக்கு அசல் பாகமே மலிவு. கையில் பணம் இல்லாதவர் மலிவை நாடுவது இயல்பு; ஆனால் ஏழு நாள் கூலியை இழக்க முடியாதவரும் அவர்தான்.

மூன்றாம் தடவை அந்த வண்டியைக் கட்டியபோது கேம்ஷாஃப்டையும் ராக்கரையும் நான் என் செலவில் வாங்கினேன், கெடுத்தவன் நான்தானே. பூட்டுத் துண்டுகளும் ஸ்பிரிங்கும் அசல். செயின், பெயருள்ள ஒரு நிறுவனத்தினுடையது. சீல்களும் வளையங்களும் மலிவானவை. காந்தத்தையும் இடுக்கியையும் அந்தத் தகப்பனார் கையிலேயே கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். 500 கிலோமீட்டரில் திறந்து பார்த்தோம், இடைவெளி மாறவில்லை. எண்ணெயில் தூள் இல்லை.

அந்த வண்டி இரண்டு ஆண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாப்பா இப்போது ஆறாம் ஆண்டு. காலையில் பள்ளி வாசலில் அவள் இறங்கும்போது, என் காது என்னை அறியாமலே அந்த இயந்திரத்தின் ஓசையைக் கவனிக்கிறது. டக், டக் என்ற ஓசை இல்லை.

நேயர்களே, அடுத்த முறை உங்கள் வண்டிக்குப் பாகம் வாங்கக் கடைக்குப் போகும்போது, பழைய அசல் பாகத்தையும் ஒரு காந்தத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.